வேதியியல் கேள்வி–பதில்: பேயரின் நீலம்

கேள்வி: அடால்ஃப் ஃபான் பேயர் முறைப்படி கல்லூரி ஆய்வகத்தில் இண்டிகோ (அவுரி நீலச் சாயம்) செய்தோம். நீலத்துக்குப் பதில் பழுப்புப் பிசின்தான் வந்தது. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் காரத்தை மொத்தமாக ஊற்றியிருப்பீர்கள். 1882-ல் பேயரும் ட்ரெவ்சனும் வெளியிட்ட இந்த முறையில் நிதானம் வேண்டிய இடம் அதுதான். 1 கிராம் ஆர்த்தோ நைட்ரோபென்சால்டிஹைடை 20 மி.லி. அசிட்டோனில் முழுக்கக் கரைத்து, 35 மி.லி. தண்ணீர் சேருங்கள். பீக்கரைக் குளிர்நீரில் வைத்துக் கலக்கிக்கொண்டே, 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 5 மி.லி.யைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கரைசல் அடர்மஞ்சளாகி, கறுத்து, பிறகு நீலத்தூள் பிரியும். காரம் வேகமாக விழுந்தால் சூடேறி, அசிட்டோன் தனக்குள்ளேயே வினைபுரிந்து பிசினாகிவிடும். அருகில் தீ கூடவே கூடாது.

5 நிமிடம் கலக்கி, புக்னர் புனலில் (உறிஞ்சி வடிகட்டும் புனல்) வடிகட்டி, வடிநீர் நிறமற்று வரும்வரை தண்ணீரிலும் பிறகு எத்தனாலிலும் கழுவுங்கள். கணக்குப்படி 0.87 கிராம் வர வேண்டும். அரை கிராம் தேறினாலே நல்லதுதான்.

புட்டியையும் பாருங்கள். இந்த ஆல்டிஹைடு வெளிச்சம் பட்டால் நைட்ரோசோபென்சாயிக் அமிலமாக மாறும். பழுப்புப் புட்டியில்தான் இருக்க வேண்டும். லேபிளில் ஆர்த்தோவுக்குப் பதில் ‘பாரா’ (நைட்ரோ தொகுதி வேறிடத்தில் அமைந்த வகை) என்றிருந்தால் எத்தனை முறை செய்தாலும் நீலம் வராது.

வந்தது இண்டிகோதானா என்று அறிய, ஒரு சிட்டிகைத் தூளைக் காரத்தில் போட்டு, ஒடுக்கியான சோடியம் டைதயோனைட் சேர்த்து, 50 டிகிரிக்குச் சூடாக்குங்கள். மஞ்சளாகும். அதில் நனைத்த பருத்தி நூலைக் காற்றில் பிடித்தால் நீலம் திரும்பும்.

கேள்வி: இவ்வளவு எளிய முறை ஏன் தொழிற்சாலைக்குப் போகவில்லை?

பதில்: மூலப்பொருள்தான் காரணம். ஆர்த்தோ நைட்ரோபென்சால்டிஹைடுக்கு டொலுவீன் வேண்டும். அதை நைட்ரோ ஏற்றும்போது பாரா வகையும் கூடவே வரும். தேவையான அளவு டொலுவீனும் அன்று கிடைக்கவில்லை. 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது, நாஃப்தலீனில் தொடங்கும், வேதியியலாளர் ஹாய்மனின் வழி. அதன் பிறகே இந்தியாவில் அவுரிச் சாகுபடி சரிந்தது.

என்னைக் கேட்டால், தயாரிப்பு முறையைவிட 1883-ல் பேயர் தீர்மானித்த இண்டிகோவின் மூலக்கூறு அமைப்பே பெரிய சாதனை. 1865-ல் தொடங்கிய வேலை அது. மூலக்கூறின் இரு பாதிகளும் எதிரெதிர்ப் பக்கம் அமைந்தவை என்பது மட்டும் 1928-ல்தான், எக்ஸ்-கதிர் ஆய்வில் தெரிந்தது.

கேள்வி: ஆஸ்பிரின் பேயர் கம்பெனி இவருடையதா?

பதில்: இல்லை. அது 1863-ல் ஃப்ரீட்ரிக் பேயர் தொடங்கியது. இவர் 1835-ல் பெர்லினில் பிறந்து, 1875-ல் மியூனிக்கில் வேதியியலாளர் லீபிக்கின் இடத்துக்கு வந்து, 1905-ல் நோபல் பரிசு பெற்ற பேராசிரியர். நீங்கள் தரம்பார்த்தலில் நிறங்காட்டியாக விடும் பீனால்ஃப்தலீன், 1871-ல் இவர் செய்ததுதான். காரம் மிக அதிகமானால் அதன் இளஞ்சிவப்பு மறைந்துவிடும். அதை முடிவுப்புள்ளி தாண்டவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.