ஸ்விட்ச் போட்டால் தெளியும் கண்ணாடி வெயிலை மறைக்குமா?

ஸ்விட்சைத் தட்டினால் கண்ணாடி வெள்ளையாகிவிடுகிறதே, மின்சாரம் உள்ளே என்ன செய்கிறது, ஜன்னலுக்குப் போட்டால் வெயில் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நடப்பது நேர் எதிர். மீட்டிங் அறைகளில் பார்க்கும் வகையில் வெள்ளையாக இருப்பதுதான் மின்சாரம் இல்லாத நிலை. கரண்ட் கொடுத்தால்தான் தெளியும்.

அதன் பெயர் பிடிஎல்சி (பாலிமரில் சிதறிய திரவப் படிகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). இரண்டு பிளாஸ்டிக் படலங்கள், அவற்றின் உள்பக்கம் இண்டியம் டின் ஆக்ஸைடு பூச்சு (ஒளியையும் விடும், மின்சாரத்தையும் கடத்தும்), நடுவில் பாலிமர் (பிளாஸ்டிக் போன்ற பொருள்), அந்தப் பாலிமர் முழுக்க மைக்ரான் அளவில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில், திரவப் படிகத் துளிகள் (திரவம்போல ஓடினாலும் மூலக்கூறுகள் படிகம்போல வரிசையாக நிற்கும் பொருள்). இந்தத் திரவப் படிக மூலக்கூறுகள் நீளவாக்கில் இருப்பதால் ஒளிவிலகல் எண் (ஒளி ஒரு பொருளுக்குள் எவ்வளவு வளையும் என்பதைச் சொல்வது) திசைக்குத் திசை மாறும்; ஈ7 என்ற பிரபலமான கலவையில் ஒரு திசையில் சுமார் 1.52, இன்னொரு திசையில் 1.75 அருகே. பாலிமரை 1.52-க்குப் பக்கத்தில் வருமாறு தேர்ந்தெடுக்கிறார்கள், சூட்சுமமே அங்கேதான். மின்சாரம் இல்லாதபோது ஒவ்வொரு துளியும் தன் போக்கில் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், ஒளி ஒவ்வொரு துளியின் விளிம்பிலும் திசை மாறிச் சிதறும், நமக்கு வெள்ளையாகத் தெரியும். சில பத்து வோல்ட் ஏசி (திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம்) கொடுத்தால் எல்லாம் ஒரே திசையில் நிமிர்ந்துவிடும், நேராக வரும் ஒளிக்குத் துளியும் பாலிமரும் ஒன்றுபோலாகிவிடும், ஒளி சிதறாது, கண்ணாடி தெளிந்துவிடும். எண்ணெய் பட்ட காகிதத்தில் மறுபக்கத்து எழுத்து தெரிவதும் இதே காரணத்தால்தான், இழைகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்து வித்தியாசத்தைக் குறைத்துவிடுகிறது.

ஏசிதான் கொடுக்க வேண்டும். டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) கொடுத்துக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் அயனிகள் (மின்னூட்டம் கொண்ட துகள்கள்) ஒரு பக்கமாக ஒதுங்கி, படலம் சீக்கிரம் கெட்டுப்போகும்.

இப்போது வெயில். வெள்ளையாக இருக்கும் படலத்துக்குப் பின்னால் உள்ளங்கையை ஒட்டி வைத்துப் பாருங்கள், விரல்கள் நன்றாகவே தெரியும். கொஞ்சம் பின்னால் இழுத்தால்தான் வெறும் நிழலாகக் கரையும். ஏனென்றால் ஒளி தடுக்கப்படவில்லை, பெரும்பகுதி முன்பக்கமாகவே சிதறி உள்ளே வந்துவிடுகிறது. அதனால் இது மறைவுக்கானது, நிழலுக்கானது அல்ல. அந்த மறைவும் முழுமையானதில்லை: உள்ளே விளக்கெரிய, ஒருவர் கண்ணாடியை ஒட்டி நின்றால் உருவம் வெளியே தெரியும். இதை விற்பவர்கள் சொல்லியே ஆகவேண்டும் என்பது என் கருத்து.

வெயிலுக்கு எலக்ட்ரோக்ரோமிக் கண்ணாடி, அதாவது மின்சாரத்தால் நிறம் மாறும் கண்ணாடி வேண்டும். அதில் பூசப்படும் டங்ஸ்டன் ஆக்ஸைடு நிறம் மாறுவதைப் பற்றி சத்யேன் டெப் என்ற ஆய்வாளர் 1969-லேயே எழுதிவிட்டார். சில வோல்ட் டிசியில் லித்தியம் அயனிகள் அந்த ஆக்ஸைடுக்குள் நுழைய, கண்ணாடி நீலமாகக் கறுக்கும், ஒளியை உண்மையாகவே உறிஞ்சும். பெரிய ஜன்னல் என்றால் நிமிடக் கணக்கில் ஆகும், ஆனால் கரண்டை நிறுத்தினாலும் அந்த நிலையிலேயே வெகுநேரம் நிற்கும். போயிங் 787 ஜன்னல்களும் இதே குடும்பம், அங்கே ஜெல் பயன்படுகிறது. ஒன்று மட்டும், இது கறுத்தாலும் கூலிங் கிளாஸ் போலத்தான், அந்தப் பக்கம் இருப்பது தெரியும்.

பிடிஎல்சி வாங்குவதாக இருந்தால் ஆன் செய்த நிலையில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஒளிவிலகல் எண் ஒத்துப்போவது நேர்ப்பார்வைக்குத்தான், சாய்ந்து பார்க்கப் பார்க்க மூட்டம் கூடும். மட்டமான படலம் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.