பழைய போட் எங்க தேடுறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, நான் பாசையூர். இவ்வளவு நாளும் மாமாவின்ர போட்டில பங்குக்குத்தான் தொழிலுக்குப் போறனான். இப்ப கொஞ்சக் காசு சேர்ந்திருக்கு, 18 அடி பைபர் போட் ஒண்டு பழசா வேண்டுவம் எண்டு பாக்கிறன். இன்ரநெற்றில ஒண்டு மலிவாக் கிடக்கு, படத்தில புதுசு மாதிரி இருக்கு, விக்கிறவர் நாளைக்கே அட்வான்ஸ் போடச் சொல்லுறார். போடலாமோ? இல்லாட்டி வேற எங்க தேடுறது?

பதில்: தம்பி, அந்த அட்வான்ஸை அனுப்பாதேங்கோ. போட்டைக் கண்ணால பாக்காமல், அது எந்தக் கரையில நிண்டு தொழில் செய்தது எண்டு தெரியாமல் ஒரு ரூபாயும் கையை விட்டுப் போகக்கூடாது. நாளைக்கே போடு எண்டு நெருக்கிறவருக்கு ஏதோ ஒரு அவசரம் இருக்கு, அது என்னெண்டு விசாரிக்கிறதுதான் உங்கட முதல் வேலை.

தேடுறதை உங்கட சொந்தத் துறையில இருந்தே தொடங்குங்கோ. உங்கட கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில போய்க் கதையுங்கோ. ஆர் வெளிநாடு போக வெளிக்கிட்டிருக்கினம், ஆற்ற மகன் தொழிலை விட்டிட்டான், ஆற்ற போட் ஆறு மாசமா ஏத்தி வச்ச இடத்திலயே கிடக்கு எண்டெல்லாம் விளம்பரம் வாறதுக்கு முதலே அங்க தெரிஞ்சிடும். பிறகு குருநகர், மயிலிட்டி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை எண்டு ஒவ்வொரு இறங்குதுறையாப் போய், சங்கத்துக்காரரோடயும் ரீக்கடையில நிக்கிறவையோடயும் கதைக்கலாம். போட் விக்கிறவரிட்டக் கேக்கிறதை விட அவருக்குப் பக்கத்தில போட் கட்டுறவரிட்டக் கேக்கிறது கனக்க விசயம் சொல்லும். ஏன் விக்கினம், எங்கயாவது கல்லில ஏறினதோ, எத்தினை தரம் பைபர் ஒட்டினவை எண்டு அவருக்குத்தான் வடிவாத் தெரியும்.

இன்னொரு ஆள் இஞ்சின் திருத்துற மெக்கானிக். எந்தப் போட் எந்தக் கிழமை என்ன வருத்தத்தோட வந்தது எண்டு அந்தாளுக்கு மனப்பாடம். பைபர் ஒட்டுற வேலைக்காரரும் அப்பிடித்தான். அவையிட்ட ஒரு பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு அரை மணித்தியாலம் கதைச்சீங்கள் எண்டா எந்தப் போட்டுக்குக் கிட்டவும் போகக்கூடாது எண்டு விளங்கிடும்.

பேப்பர் விளம்பரமும் இக்மன் மாதிரித் தளங்களும் பேஸ்புக்கும் கூடாது எண்டு நான் சொல்லேல்லை. இப்ப என்ன விலை போகுது எண்டு அறியிறதுக்கு அதுகள் நல்லது, உதயன், வலம்புரிப் பேப்பரில வாற சின்ன விளம்பரத்தையும் பாருங்கோ. ஆனா அங்க கண்ட போட்டையும் அது நிக்கிற கரைக்குப் போய்ப் பாத்துத்தான் முடிவெடுக்க வேணும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்தில இருந்து லொறியில ஏத்தி வாற போட்டுகளும் இருக்கு, அதிலயும் நல்ல போட் கிடக்கும், ஆனா அதின்ர சரித்திரம் கேக்க உங்களுக்கு இஞ்ச ஒரு ஆள் இல்லை, லொறிக்கூலி வேற, பதிவை இந்த மாவட்டத்துக்கு மாத்திற அலைச்சல் வேற.

போட் நிண்ட இடம் தெரிஞ்சால் என்ன பிழையைத் தேடுறது எண்டும் தெரியும். குருநகர், உங்கட பாசையூர் மாதிரிக் களப்புப் பக்கம் போட்டுகள் வருசம் முழுக்கத் தண்ணிக்கையே மிதக்கும், அதால அடிப்பக்கத்தில சிப்பி ஒட்டியிருக்கும், அதைச் சுரண்டிப் பாத்தா சின்னச் சின்னக் கொப்புளம் தெரியும், தண்ணி மெல்ல மெல்ல பைபருக்குள்ள இறங்கினதின்ர அடையாளம் அது. வடமராட்சி கிழக்கில, ஆழியவளை, கட்டைக்காடு பக்கம் மணலில இழுத்து ஏத்திற போட் எண்டா அடி தேஞ்சு உள்ளுக்க இருக்கிற பைபர் நூல் தெரியத் தொடங்கியிருக்கும், கையால தடவினாலே நூல் குத்தும். வல்வெட்டித்துறைப் பக்கம் வான் எண்டு சொல்லுற ஒடுக்கமான கடல்வழியால முருகைக்கல்லுக்கு நடுவில உள்ளுட்டு வெளிக்கிடுற போட்டுகளில அணியத்துக்கு, அதுதான் முன்பக்கத்துக்கு, கீழ அடிபட்ட இடம், ஒட்டின இடம் இருக்கோ எண்டு பாருங்கோ. ஒட்டினது பிழையில்லை. உள்பக்கமும் சேத்து ஒட்டியிருக்கோ எண்டதுதான் கேள்வி.

எல்லாத்திலயும் மேலான ஒண்டு இருக்கு, அது இஞ்சின் பூட்டுற பின்பலகை. வெளியில பாத்தா முழுக்க பைபர் மாதிரித்தான் தெரியும், ஆனா கனக்கப் போட்டில உள்ளுக்க பிளைவூட் இருக்கு. போல்ற் ஓட்டையால தண்ணி இறங்கி அந்தப் பலகை உள்ளுக்கையே உக்கிப்போகும், வெளியில ஒரு கீறலும் தெரியாது. ஒரு ஸ்குறூ டிறைவரின்ர பிடியால மேல இருந்து கீழ ஒவ்வொரு சாணுக்கும் தட்டிக்கொண்டு வாங்கோ. நல்ல இடத்தில ‘டங் டங்’ எண்டு இறுக்கமாக் கேக்கும், உக்கின இடம் வந்தவுடன ‘பொத் பொத்’ எண்டு செத்த சத்தம் வரும். பிறகு இஞ்சினின்ர கீழ்க்காலைப் பிடிச்சு மேலயும் கீழயும் அசையுங்கோ, இஞ்சினோட பலகையும் சேந்து அசைஞ்சால் விட்டிட்டு வாங்கோ. இன்னும் சந்தேகம் எண்டா ஒரு போல்ற்றைக் கழட்டச் சொல்லிக் கேளுங்கோ. அந்த ஓட்டையால மண்ணிறத் தண்ணி கசிஞ்சாலோ, கம்பியை விட்டுச் சுரண்ட ஈரத்தூள் வந்தாலோ அந்தப் பலகையை முழுக்க வெட்டிப் புதுசாப் போட வேணும், அந்தச் செலவை விலையில கழிக்காமல் வேண்டக்கூடாது.

இதை நான் இவ்வளவு இழுத்துச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. சண்டை முடிஞ்சு கடல் கட்டுப்பாடுகள் கொஞ்சம் கொஞ்சமாத் தளந்த காலம், எல்லாருக்கும் போட் வேணும், எனக்கும் உங்கட அவசரம்தான். ஒரு தரகர் காட்டினார் எண்டு புது நீலப் பெயின்ற் அடிச்ச போட் ஒண்டைப் பின்னேரம் மங்கலுக்க பாத்து இரவே காசைக் குடுத்திட்டன். மூண்டாம் கிழமை எழுவைதீவுப் பக்கத்தால திரும்பி வரேக்க ஒரு அலையில போட் குத்தினதும் பின்பலகை கிழிஞ்சு இஞ்சின் அப்பிடியே பின்னுக்குச் சரிஞ்சு போச்சு. இஞ்சினைக் கயித்தால போட்டோட கட்டியிருந்தபடியால் அது தாழேல்லை. நானும் என்னோட வந்த பொடியனும் இஞ்சினை உள்ளுக்க இழுத்துப் போட்டிட்டு, பின்னால ஏறிற தண்ணியை வாளியால இறைச்சு இறைச்சு ரெண்டு மணித்தியாலம் கிடந்தனாங்கள், பிறகுதான் ஒரு போட் கண்டு இழுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பொடியனின்ர தாய்க்கு நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு இண்டைக்கும் நினைக்கிறனான். அதால தம்பி, புதுப் பெயின்றைக் கண்டு மயங்காதேங்கோ, விக்கிறதுக்காக அடிச்ச பெயின்ற் எண்டா அதுக்குக் கீழ என்ன இருக்கு எண்டு கேளுங்கோ. பகல் வெளிச்சத்தில, போட் காஞ்சிருக்கேக்க, உங்கட மாமாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கோ.

2004 சுனாமிக்குப் பிறகு அவசரம் அவசரமாக் கட்டிக் குடுத்த போட்டுகளில தரம் குறைஞ்சதும் இருந்தது. அப்பிடிப் பழசு ஒண்டு வந்தால் ஓரத்தைக் கையால அமத்திப் பாருங்கோ, தகரப்பேணி மாதிரி உள்ளுக்குப் போனால் பைபர் மெல்லிசு.

கேள்வி: அண்ணை, நான் மருதங்கேணிப் பக்கம், ரெண்டு பிள்ளையள், நான்தான் குடும்பத்தைப் பாக்கிறன். தம்பியார் தொழிலுக்குப் போக ஒரு போட் பாத்திருக்கிறம், நல்ல போட் எண்டு எல்லாரும் சொல்லுகினம். ஆனா பதிவுப் புத்தகம் துலைஞ்சு போச்சாம், பிறகு எடுத்துத் தாறனாம். காசைக் குடுக்கலாமோ?

பதில்: குடுக்காதேங்கோ தங்கச்சி. புத்தகம் துலைஞ்சது உண்மையாவும் இருக்கலாம், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எத்தினை பேரின்ர பேப்பர் போச்சுது. ஆனா அதைத் திரும்ப எடுக்கிறது விக்கிறவரின்ர வேலை, உங்கட காசு போனதுக்குப் பிறகு அவர் அலைவார் எண்டு நம்பி இருக்கேலாது. 1996ஆம் ஆண்டு 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின்படி மீன்பிடி போட் பதிஞ்சிருக்க வேணும், தொழில் செய்ய அனுமதிப்பத்திரமும் வேணும். உங்கட பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிட்ட போட்டில எழுதியிருக்கிற இலக்கத்தைக் குடுத்தால் அது ஆற்ற பேரில இருக்கு எண்டு பாக்கலாம். அந்த இலக்கம் ஓஎஃப்ஆர்பி (OFRP) எண்டு தொடங்கினால் வெளியிணைப்பு இஞ்சின் பூட்டின பைபர் போட் எண்டு அர்த்தம், கடைசியில வாறது மாவட்டத்தின்ர எழுத்து. வேற மாவட்ட எழுத்து இருந்தால் ஏன் எண்டு கேளுங்கோ.

இஞ்சின் இலக்கத்தையும் பாருங்கோ, அது இஞ்சினிலயே அடிச்சிருக்கும். சுரண்டி அழிச்ச மாதிரி இருந்தால் களவு இஞ்சினோ எண்டு யோசிக்க வேணும், அதை வேண்டினால் நாளைக்குப் பொலிசுக்கு ஏறி இறங்கிறது நீங்கள்தான். போட்டுக்கு மேல லோன், லீசிங் இருக்கோ எண்டும் கேட்டு எழுத்தில எடுங்கோ. பதிஞ்ச ஆள் இறந்திட்டார் எண்டா மனிசியும் பிள்ளையளும் எல்லாரும் சம்மதிச்சுக் கையெழுத்து வைக்க வேணும், ஒரு மகன் மட்டும் வந்து வித்திட்டுப் போனால் பிறகு மற்றவை வந்து நிப்பினம். முழுக்காசையும் பேர் மாறின நாளிலதான் குடுங்கோ, சங்கத்துத் தலைவர் முன்னால குடுத்தால் இன்னும் நல்லது. நீங்கள் தனிய நிண்டு பிள்ளையளுக்கு எண்டு சேத்த காசு, இதில ஆரும் உங்களை அவசரப்படுத்த விடாதேங்கோ.

கேள்வி: நான் கனடாவில இருக்கிறன், ஊர் காரைநகர். பறிமுதல் செய்த இந்திய ரோலர்களை, அதுதான் இழுவைப் படகுகளை, ஏலம் விடுறாங்கள் எண்டு கேள்விப்பட்டன். மச்சானுக்கு ஒண்டு எடுத்துக் குடுத்தால் மலிவாப் போகுமோ?

பதில்: 2022 பெப்ரவரியில உங்கட காரைநகரிலயே அப்பிடி ஏலம் நடந்தது. ஆனா மச்சான் தொழில் செய்ய எண்டு அதை எடுக்காதேங்கோ. அது இழுவை மடிக்கெண்டு, கடலடியை வாரிக்கொண்டு வாற வலைக்கெண்டு, கட்டின மரப்படகு, இழுவைமடித் தொழிலை இலங்கையில 2017ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டத்தால தடை செய்தாச்சு. எங்கட வலையளை அறுக்கிற தொழில் எண்டு நாங்களே இவ்வளவு காலம் கத்தினது. அதோட வருசக்கணக்கா வெயிலில கிடந்த மரம் காஞ்சு பலகைக்குப் பலகை விலகியிருக்கும், பூச்சியும் அரிச்சிருக்கும், மரத்துக்கும் இரும்புக்கும் எண்டு உடைக்கிறவைக்குத்தான் அது சரி. அந்தக் காசுக்கு மச்சானையே ஊரில நல்ல பைபர் போட் ஒண்டு தேடச் சொல்லுங்கோ. தேடிப் பாத்துப் பிடிக்கிறது அவரா இருக்கட்டும், கடலுக்குப் போறது அவர்தானே.

கேள்வி: போட்டும் இஞ்சினும் சேத்து விக்கினம். மண்ணெண்ணெய் இஞ்சின், 15 குதிரைவலு. இஞ்சினில என்ன பாக்கிறது? (குருநகர்)

பதில்: நீங்கள் போறதுக்கு முதலே சூடாக்கி வைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ஆறின இஞ்சின் பெற்றோலில எத்தினையாம் கயித்து இழுவையில பத்துது, மண்ணெண்ணெய்க்கு மாத்தினவுடன இருமுதோ எண்டு நீங்களே பாக்க வேணும். பின்னால தண்ணி பீச்சுற துவாரத்தில நூல் மாதிரித் தொடர்ந்து தண்ணி வர வேணும், விட்டு விட்டு வந்தால் பம்ப் பிழை அல்லது வழி உப்பால அடைஞ்சு போச்சு. கியர் ஓயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கோ, பால் மாதிரி வெள்ளையா இருந்தால் உள்ளுக்குத் தண்ணி போகுது. பிளக்கைக் கழட்டிப் பாக்கேக்க ரெண்டும் ஒரே நிறமா இருக்கோ எண்டு பாருங்கோ.

செலவையும் பாருங்கோ. 2022 ஓகஸ்ட்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து ஒரேயடியா 340 ரூபாய்க்கு ஏறின நாளை மறந்திருக்க மாட்டியள். எண்ணெய் குடிக்கிற இஞ்சினை மலிவா வேண்டினால் மிச்சம் பிடிச்ச காசை ஒரு பருவத்திலயே கடலில ஊத்த வேண்டி வரும். அதால அரை மணித்தியாலம் எண்டாலும் ஓடிப் பாத்து எவ்வளவு எண்ணெய் குறைஞ்சது எண்டு அளவுங்கோ, உங்களோட வாற மற்ற ஆளையும் ஏத்திக்கொண்டு ஓடுங்கோ, தனிய ஓடேக்க எல்லா இஞ்சினும் பறக்கும்.

கேள்வி: எந்த மாசம் வேண்டுறது நல்லது? (நெடுந்தீவு)

பதில்: மாரியில பாருங்கோ. ஐப்பசி, கார்த்திகையில கடல் கொந்தளிச்சுக் கனக்கப் போட் கரையில ஏத்திக் கிடக்கும், விக்கிறவையும் விலை பேச இருப்பினம். இன்னொரு நன்மை, மழைத்தண்ணி போட்டுக்குள்ள தேங்கி நிக்கும். அந்த நேரம் குனிஞ்சு அடிப்பக்கத்தைப் பாருங்கோ, எங்கயாவது சொட்டுச் சொட்டா வெளியில வந்தால் அந்த இடத்தில வெடிப்பு இருக்கு. மழை இல்லாட்டிப் பின்னேரம் பத்து வாளி தண்ணியை உள்ளுக்க ஊத்தச் சொல்லிட்டு விடியக்காலமை திரும்பிப் போய்ப் பாருங்கோ, போட்டுக்குக் கீழ மணல் எந்த இடத்தில நனைஞ்சிருக்கு எண்டு.