டிசைன் படிப்பு: லிஸ்ட்டில் இருப்பதையெல்லாம் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: முதல் வருடம் சேர்ந்திருக்கிறேன். கல்லூரியில் கொடுத்த சாமான் லிஸ்ட்டில் பாதிகூட வாங்க வசதியில்லை. எதை விடலாம்?

பதில்: முதல் அசைன்மென்ட்டுக்கு என்ன வேண்டும் என்று சீனியரிடம் கேட்டு அதை மட்டும் வாங்குங்கள், மீதியை அந்தந்த வாரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். பெரிய மார்க்கர் செட் வேண்டவே வேண்டாம். மூன்று சாம்பல் நிறமும் ஒரு கறுப்பும் இருந்தால் வெளிச்சம் நிழல் எல்லாம் காட்டிவிடலாம். போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு போதும், கலந்து பழகுவதுதான் அந்தப் பாடமே. ஆனால் ஸ்டீல் ஸ்கேலில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து வெட்டினால் கட்டர் அதன் விளிம்பைச் சீவிக்கொண்டு விரல் மேல் ஏறிவிடும், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: சாஃப்ட்வேர் சந்தா கட்ட முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: ஃபிக்மா (ஆப், வெப்சைட் திரைகளை வடிவமைப்பது), ஆட்டோடெஸ்க் (ஆட்டோகேட் கம்பெனி) இரண்டும் மாணவர்களுக்குத் தங்கள் சாஃப்ட்வேரை இலவசமாகக் கொடுக்கின்றன, கல்லூரி மாணவர் என்று நிரூபித்தால் போதும். படம் வரைய இங்க்ஸ்கேப், பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ், 3டி-க்கு பிளெண்டர், இவை யாருக்குமே இலவசம். ஒரே ஒரு விஷயம், ஸ்கிரைபஸ் ஃபைல் இன்டிசைனில் (பக்கம் அமைக்கும் அடோபி சாஃப்ட்வேர்) திறக்காது, அதனால் பிடிஎஃப் கொடுத்தால் ஏற்பீர்களா என்று ஆசிரியரிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் ஆசிரியர். ஒரு மாணவி அட்டையில் செய்துவரச் சொன்ன மாடலைக் கொண்டுவராமல் "மறந்துட்டேன் மேடம்" என்றே சொல்கிறாள். பணக் கஷ்டமாக இருக்குமோ?

பதில்: இருக்கலாம். "காசில்லை" என்பதைவிட "மறந்துட்டேன்" என்பது சொல்லச் சுலபம். அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தால் இன்னும் ஒடுங்கிப்போவாள். ஸ்டூடியோவில் ஒரு அலமாரியைத் திறந்தே வையுங்கள்: மிஞ்சிய கிரே போர்டு (தடிமனான சாம்பல் அட்டை), பாதி தீர்ந்த பசை, வெட்டும்போது அடியில் போடும் கட்டிங் மேட் நாலைந்து. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், கையெழுத்து வேண்டாம். வருமானச் சான்று கேட்டீர்களானால் தேவைப்படுகிறவர்கள்தான் முதலில் ஒதுங்குவார்கள். அப்புறம், செலவில் பாதி உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒரு ஏ1 தாள் என்பது எட்டு ஏ4. நடுவில் வரும் ரிவ்யூக்களுக்கு ஏ4 பிரின்ட் போதும் என்று சொல்லுங்கள், ஏ1 கடைசி ஜூரிக்கு (மார்க் போடும் இறுதி மதிப்பீட்டுக்கு) மட்டும் இருக்கட்டும். பழைய அட்டைப்பெட்டியில் செய்த மாடலுக்கு மார்க் குறையாது என்பதையும் வகுப்பில் வாய்விட்டே சொல்லுங்கள்.

கேள்வி: படிப்பு முடிந்தது. என் சாமான்களை ஜூனியர்களுக்குக் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக. டி-ஸ்கொயர், செட்ஸ்கொயர், கட்டிங் மேட் எல்லாம் இன்னும் பல வருடம் உழைக்கும். டிராயிங் டேப்லெட் கொடுத்தால் அதன் பேனாவையும் கேபிளையும் சேர்த்தே கட்டிக் கொடுங்கள். காய்ந்த மார்க்கர் வேண்டாம்.