நேற்றுதானே ஊருக்குப் போகப்போகிறோம்?

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு நான்கரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். கிழமைகளையும் மாதங்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள். ஆனால் “நேத்துதானே தாத்தா ஊருக்குப் போகப்போறோம்?” என்கிறாள். மதியம் தூங்கி எழுந்தால் “நாளைக்கு வந்துடுச்சா?” என்று கேட்கிறாள். சொல்லிக்கொடுக்கும் முறை சரியில்லையா? தமிழ் மாதங்களையும் சேர்த்துச் சொன்னால் குழம்புவாளா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கவலைப்பட ஒன்றுமில்லை. இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு நேற்று, நாளை இரண்டுமே ‘இன்றைக்கு இல்லை’ என்பதுதான். தூங்கி எழுந்தால் நாளை என்று உங்கள் மகள் தானாகவே ஒரு விதியைக் கண்டுபிடித்திருக்கிறாள். நல்ல விதிதான், மதியத் தூக்கம் கெடுத்துவிட்டது. மாதங்களின் வரிசை இப்போதைக்கு அவளுக்குப் பாட்டு. பாடட்டும், பின்னால் உதவும்.

மாதக் காலண்டரைக் காட்டிச் சொல்லித்தருவதில் எனக்கு உடன்பாடில்லை. சனிக்கிழமையோடு வரிசை முடிந்துவிடும். ஞாயிறு ஒரு படி இறங்கி இடது ஓரத்தில் போய் நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு ராத்திரிதான் என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? நம் வீட்டு ஆணியில் தொங்கும் தினசரி காலண்டரே மேல். ஒரு நாளைக்கு ஒரு தாள். அதை அவள் கைக்கு எட்டும்படி இறக்கி மாட்டுங்கள். காலையில் பல் தேய்த்ததும் கிழிப்பது அவள் வேலை. (ஆரம்பத்தில் யாராவது பக்கத்தில் நில்லுங்கள். விட்டால் தீபாவளிவரை கிழித்துவிடுவாள்.) கிழித்த தாளின் பின்பக்கம் அன்று நடந்ததை வரையச் சொல்லுங்கள். கையில் இருப்பது நேற்று, சுவரில் தெரிவது இன்று, அதற்கு அடியில் நாளை. ஊருக்குப் போகும் நாளின் தாளை மடித்துவைத்தால், நடுவில் எத்தனை தாள் என்று அவளே புரட்டி எண்ணிக்கொள்வாள்.

கிழமைகள் ஏழையும் ஒன்றாகத் திணிக்க வேண்டாம். வாரத்துக்கு வானத்தில் அடையாளம் எதுவும் கிடையாது, மனிதர் வைத்த கணக்கு அது. எனவே வீட்டு வழக்கத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்: பள்ளி இல்லாத ஞாயிறு, அப்புறம் உங்கள் ஊரில் சந்தை கூடும் நாள். மாதத்துக்கு நிலா இருக்கிறது. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்ததற்குச் சுமார் 29½ நாள். அவ்வப்போது மொட்டைமாடிக்குக் கூட்டிப்போங்கள்.

தமிழ் மாதங்களைத் தாராளமாகச் சொல்லுங்கள், தேதிக் கணக்கு மட்டும் இப்போது வேண்டாம். தை 1 ஜனவரி 14 அல்லது 15-இல் வரும். மார்கழி பல வருடங்களில் 29 நாளில் முடிந்துவிடும், ஆனி 32 வரை இழுக்கும். தமிழ் மாதம் நிலாக் கணக்கு அல்ல, சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலம். பூமி ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு அருகே வேகமாகவும், ஜூலைத் தொடக்கத்தில் தள்ளி மெதுவாகவும் போவதுதான் இந்த நீளக் வித்தியாசத்துக்குக் காரணம். அதெல்லாம் எட்டு, ஒன்பது வயதில் பார்த்துக்கொள்ளலாம். மார்கழி என்றால் வாசலில் பெரிய கோலம், ஆடி என்றால் காற்று, இவ்வளவு தெரிந்தால் சரி. “இன்னைக்கு ஜனவரியா, தையா?” என்று அவளாகக் கேட்கும்போது, அன்றைய தாளிலேயே இரண்டு தேதியும் அச்சாகியிருப்பதைக் காட்டுங்கள்.