லோ பிரஷருக்கு அதிமதுரக் கஷாயம் குடிக்கலாமா?

கேள்வி: என் கணவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன் கட்டன் சாயா மட்டும் குடித்துவிட்டுப் போவார், குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றுகிறதாம். பிரஷர் 92/60. தினமும் அதிமதுரக் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா?
- வாசகி, குலசேகரம்

பதில்: தினமும் வேண்டாம், சகோதரி. அதிமதுரம் பிரஷரை ஏற்றும் என்பது உண்மைதான், ஆனால் அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியே தள்ளித்தான் ஏற்றுகிறது, பொட்டாசியம் ரொம்பக் குறைந்தால் தசை தளர்ந்து இதயத் துடிப்பே தாறுமாறாகும். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் இதன் பக்கமே போகக் கூடாது. சர்ப்பகந்தா என்ற மூலிகை கலந்த மருந்து இன்னும் மோசம், அது பிரஷரை இறக்குவது. கஷாயப் பொடியில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்லாத யாரிடமும் வாங்காதீர்கள்.

எனக்கென்னவோ அவர் வெறும் வயிற்றோடு வியர்க்க வியர்க்க வேலை செய்வதுதான் முதலில் சரியாக வேண்டும் என்று தோன்றுகிறது. போகும்முன் கொஞ்சம் பழங்கஞ்சி உப்புப் போட்டுக் குடிக்கட்டும், கையில் தண்ணீர் இருக்கட்டும், மெதுவாக நிமிரட்டும். அப்புறம் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் ரத்தசோகை, சர்க்கரை எல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூலிகைதான் வேண்டுமென்றால் கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரியில் கேளுங்கள், சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.