“சப்பி” (chubby) என்ற ஆங்கிலச் சொல்லை யாரிடம் சொல்லலாம்?

வணக்கம். நிலாவெளி விடுதியொன்றில் வரவேற்பாளராகப் பணிபுரியும் தாங்கள், சென்ற வருடமும் வந்து தங்கிய ஆங்கிலேயப் பெண்மணியிடம் “சப்பி” ஆகிவிட்டீர்கள் என்று அன்போடு சொன்னபோது அவர் முகம் வாடியது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாங்கள் அகராதியில் கண்ட “கொழுகொழுவென்ற” என்னும் பொருள் சரியானதே. குழந்தைகளுக்கும் அவர்களுடைய கன்னம், கை, விரல்களுக்கும் அச்சொல் செல்லமாகவே வழங்குகிறது. ஆனால் வளர்ந்தவரிடம் நேரே சொன்னால், எத்தனை மென்மையாகச் சொன்னாலும், உடற்பருமனைச் சுட்டிக்காட்டியதாகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். நம் திருகோணமலையில் வெகுநாள் கழித்துக் காண்பவரிடம் “கொஞ்சம் உடம்பு வைச்சிருக்கிறியள், நல்லாயிருக்கு” என்பது நலம் விசாரிப்பதன் ஒரு பகுதி. “பூசினாற்போல” என்று நாம் சொல்வதில் பாராட்டும் உண்டு. அந்தப் பாராட்டு “சப்பி”யில் சேராது. ஐரோப்பிய ஆறுகளில் வாழும், கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த “சப்” என்ற தடித்த மீனின் பெயரிலிருந்தே அச்சொல் பிறந்தது என்பதை அறிந்தால், அதன் தொனி தங்களுக்கு இன்னும் தெளிவாகும். ஏறக்குறைய அதே பொருளுடைய “பிளம்ப்” (plump) என்ற சொல் சற்று மரியாதையானது எனினும், விருந்தினரிடம் அதுவும் வேண்டாம்.

அவர் இன்னும் விடுதியில் இருந்தால், ஒரே வாக்கியத்தில் வருத்தம் தெரிவியுங்கள். விளக்கம் நீண்டால் பேச்சு மறுபடியும் அவர் உடம்பிலேயே போய் நிற்கும். இனிமேல் இப்படியானவர்களிடம் “யூ லுக் வெல்” என்று சொன்னாலே போதுமானது.