வோல்ட்டா ஏரி விஞ்ஞானியின் பெயரா? ஏரிப் பெயரையும் ஆள் பெயரையும் சரிபார்க்கும் முறை

கேள்வி: பள்ளி நூலகத்துக்காக 'மனிதர்களின் பெயர் தாங்கிய ஏரிகள்' என்று எக்செல்லில் ஒரு பட்டியல் போடுகிறோம். முதல் பத்தியில் ஏரி, அடுத்ததில் அதே பெயருள்ள பிரபலம். வோல்ட்டா ஏரிக்கு விஞ்ஞானி வோல்ட்டா, மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கத்துக்கு ஆப்பிரிக்கப் பயணி ஸ்டான்லி, ஜார்ஜ் ஏரிக்கு மன்னர் மூன்றாம் ஜார்ஜ், நெஸ் ஏரிக்கு எலியட் நெஸ் என்று நிரப்பியிருக்கிறோம். இதில் பல தவறு என்கிறார் எங்கள் புவியியல் ஆசிரியர். எதை வைத்துச் சரிபார்ப்பது? முடிந்தபின் விக்கித்தரவில் ஏற்றவும் விரும்புகிறோம்.

பதில்: ஆசிரியர் சொல்வது சரி. நீங்கள் எழுதியிருக்கும் நான்கு வரிகளுமே தவறு. நான்கும் நான்கு விதமான தவறு என்பதால், அவற்றை வைத்தே முறையைச் சொல்லிவிடலாம்.

வோல்ட்டாவிலிருந்து தொடங்குவோம். கானா நாட்டில் அகோசோம்போ அணை கட்டி 1960களில் உருவான நீர்த்தேக்கம் அது. பரப்பு சுமார் 8,500 சதுர கிலோமீட்டர். மனிதர் உண்டாக்கிய ஏரிகளில் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. அந்த அணை மின்சாரம் எடுக்கிறது, மின்னழுத்தத்தின் அலகு வோல்ட், அந்த அலகுக்குப் பெயர் தந்தவர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா. கேட்பதற்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் ஏரிக்குப் பெயர் வந்தது வோல்ட்டா ஆற்றிலிருந்து. பொன் வாங்கக் கடல் வழியே வந்த போர்த்துக்கீசியர் 15ஆம் நூற்றாண்டில் ஆற்றுக்கு வைத்த பெயர் அது. விஞ்ஞானி பிறந்ததோ 1745இல். அவருக்கும் ஏரிகளுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அவர் பிறந்த ஊர் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் இருக்கும் கோமோ. 1776இல் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றிலிருந்து எழும்பிய குமிழிகளைச் சேகரித்துத்தான் மீத்தேன் வாயுவை ஆராய்ந்தார். இத்தனை இருந்தும் அவர் பெயர் அந்த இரண்டு ஏரிகளுக்கும் இல்லை. கானா ஏரிக்கும் இல்லை.

எனவே முதல் சோதனை ஆண்டு. பட்டியலில் இரண்டு பத்திகள் கூட்டுங்கள்: பெயர் முதலில் பதிவான ஆண்டு, ஆள் பிறந்த ஆண்டு. முன்னதிலிருந்து பின்னதைக் கழியுங்கள். விடை எதிர்மறையாக வந்தால் அந்த வரிக்கு மேற்கொண்டு ஆராய்ச்சியே தேவையில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: நீர்த்தேக்கம் கட்டிய ஆண்டை 'பெயர் வந்த ஆண்டு' என்று போடக் கூடாது. அப்படிப் போட்டால் வோல்ட்டா 1960கள் ஆகி, தவறு சோதனையைத் தாண்டிப் போய்விடும். அணைகளின் பின்னால் தேங்கும் நீருக்குப் பெரும்பாலும் ஆற்றின் பெயரோ, அணை இருக்கும் ஊரின் பெயரோதான் வரும். முதலில் அந்த ஆறும் ஊரும் எப்போதிலிருந்து அப்படி அழைக்கப்படுகின்றன என்று பாருங்கள்.

இந்தச் சோதனை தவறானவற்றைத் தள்ளும்; சரியானதை நிரூபிக்காது. உங்கள் ஸ்டான்லி வரியே இதற்கு எடுத்துக்காட்டு. ஆப்பிரிக்கப் பயணி ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி பிறந்தது 1841, மேட்டூர் அணை முடிந்தது 1934. கழித்தால் 93, சோதனையில் தேறிவிடுகிறார். ஆனால் மேட்டூருக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1929 முதல் 1934 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி. அணை முடிந்தபோது பதவியில் இருந்த அவர் பெயரே நீர்த்தேக்கத்துக்கு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும் இவர் பெயர்தான். பயணி ஸ்டான்லியின் பெயரில் இருந்த நீர்ப்பரப்பு வேறு: காங்கோ ஆறு அகன்று ஏரிபோல் விரியும் ஸ்டான்லி பூல். ஒரு கரையில் கின்ஷாசா, எதிர்க்கரையில் பிராஸவில். அதன் இன்றைய பெயர் மலேபோ பூல்.

ஆகவே இரண்டாவது சோதனை: பெயரை வைத்தவர் யார், அந்த நேரத்தில் அந்த இடத்தில் யாருக்கு மரியாதை செய்யும் நிலையில் இருந்தார்? காலனிக் காலப் பெயர்களில் விடை பெரும்பாலும் மூவரில் ஒருவர்: அரியணையில் இருந்த அரசர், பதவியில் இருந்த ஆளுநர், பயணத்துக்குப் பணமோ ஆதரவோ கொடுத்தவர். உலகப் புகழ் பெற்றவரைத் தேடுவதை விட, அந்த ஆண்டில் அங்கே அதிகாரத்தில் இருந்தவரைத் தேடினால் வேலை சீக்கிரம் முடியும்.

ஜார்ஜ் ஏரியில் இது நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு ஏற்கெனவே கிறிஸ்தவ சமயப் பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். 1755இல் பிரிட்டிஷ் படைத்தலைவர் வில்லியம் ஜான்சன் அதை மாற்றித் தன் மன்னரின் பெயரை வைத்தார். அப்போது ஆண்டவர் இரண்டாம் ஜார்ஜ். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸில் இன்னொன்று. அதற்கு 1820 அக்டோபரில் பெயர் வைத்தவர் ஆளுநர் மக்குவாரி. மூன்றாம் ஜார்ஜ் அந்த ஆண்டு ஜனவரியிலேயே இறந்துவிட்டார். பெயர் நான்காம் ஜார்ஜுடையது. ஏறக்குறைய அறுபது ஆண்டு ஆண்டவர், பாடநூல்களில் வருபவர் என்று நீங்கள் ஊகித்து எழுதிய மூன்றாம் ஜார்ஜ் இரண்டு ஏரிக்கும் சொந்தக்காரர் இல்லை. எண்ணுள்ள அரசர்கள் எல்லோருக்கும் ஆட்சிக் காலத்தைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாருங்கள்.

நெஸ் நான்காவது வகை, சுத்தமான தற்செயல். ஸ்காட்லாந்தின் அந்த ஏரி நெஸ் ஆற்றின் பெயரைப் பெற்றது. சிகாகோவில் மதுவிலக்குக் காலத்தில் அல் கபோனைத் துரத்திய எலியட் நெஸ் நார்வேயிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். அவருடைய குடும்பப் பெயர் நார்வேஜியப் பெயர். ஆப்பிரிக்காவின் சாட் ஏரியும் இதே வகை. இங்கிலாந்தில் 7ஆம் நூற்றாண்டில் சாட் என்ற ஆயர் இருந்தார், லிச்ஃபீல்டில் அவருக்குப் பேராலயமும் உண்டு. ஏரியின் பெயர் அந்த வட்டாரத்து மொழியில் பெரிய நீர்ப்பரப்பைக் குறிக்கும் சொல்.

தற்செயல் வரிகளை அழித்துவிடாதீர்கள். 'தள்ளியவை' என்று வேறு தாளுக்கு மாற்றி, காரணத்தை ஒரு வரியில் எழுதி வையுங்கள். இல்லையென்றால் அடுத்த வருடம் இன்னொரு மாணவர் இணையத்தில் தேடி, புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்து அதே வோல்ட்டாவை மறுபடி சேர்ப்பார்.

மூன்றாவது சோதனை உள்ளூர்ப் பெயர். ஆங்கிலப் பெயரை மட்டும் பார்த்துத் தமிழில் எழுதினால் இல்லாத உறவெல்லாம் முளைக்கும். வேல்ஸ் நாட்டில் பாலா ஏரி உண்டு. தமிழில் எழுதினால் நம் தெருவுக்கு நான்கு பாலா இருக்கிறார்கள். அந்த ஏரிக்கு ஆங்கிலத்தில் பாலா என்று பெயர் வந்தது கரையில் இருக்கும் பாலா என்ற ஊரால். ஆனால் வெல்ஷ் மொழியில் அதன் பெயர் ஷ்லின் டெகிட். டெகிட் ஃபோயல் என்ற பழங்கதை மனிதரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஆங்கிலப் பெயரில் ஆள் இல்லை, உள்ளூர்ப் பெயரில் இருக்கிறார். கான்ஸ்டன்ஸ் ஏரி இதற்கு நேர் எதிர். பெண்ணின் பெயர்போல் ஒலித்தாலும் அது கான்ஸ்டன்ஸ் நகரின் பெயர். ஜெர்மானியர் அந்த ஏரியை போடன்சே என்கிறார்கள், அங்கே அந்தப் பெண்ணே காணாமல் போய்விடுகிறாள்.

இதனால் உங்கள் பட்டியலுக்கு இன்னொரு குறையும் வந்திருக்கும். பெயர் ஒற்றுமையை வைத்துத் தேடினால் தவறானவை உள்ளே வருவதோடு, சரியானவை வெளியே நின்றுவிடும். பூண்டி ஏரி உங்கள் தேடலில் சிக்காது. அதன் அதிகாரப்பூர்வப் பெயர் சத்தியமூர்த்தி சாகர். சென்னை மேயராக இருந்து அந்தத் திட்டத்தை முன்னெடுத்த எஸ். சத்தியமூர்த்தி 1943இல் மறைந்தார், நீர்த்தேக்கம் 1944இல் முடிந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து வீராணமும் அப்படித்தான். வீராணம் என்ற பெயரில் அரசர் யாரும் கிடைக்க மாட்டார். வீரநாராயணன் என்பது 907 முதல் 955 வரை ஆண்ட முதலாம் பராந்தக சோழனின் விருதுப்பெயர். அவன் காலத்து வீரநாராயண ஏரிதான் பேச்சில் தேய்ந்து வீராணம் ஆனது. அந்த ஊர்ப் பெருமாளும் வீரநாராயணப் பெருமாள் என்பதால் கடவுள் பெயர் என்று எழுதிவிடுபவர்களும் உண்டு. இத்தகைய வரிகளில் ஆள் பத்தியில் 'முதலாம் பராந்தகன்' என்றும், குறிப்பில் 'விருதுப்பெயர் வழி' என்றும் எழுதுங்கள். பழைய தமிழக ஏரிகளைப் பொறுத்தவரை, அரசர்களின் இயற்பெயரை விட விருதுப்பெயர்ப் பட்டியலை வைத்துத் தேடினால்தான் அகப்படும்.

பெயர் தாமதமாக வந்ததென்றால் பொய் என்றும் முடிவு கட்டாதீர்கள். போபாலின் மேல் ஏரிக்கு 'போஜ்தால்' என்று அரசு பெயர் சூட்டியது 2011இல். பெயருக்குரிய போஜராஜன் 11ஆம் நூற்றாண்டுக்காரர். இடைவெளி ஆயிரம் ஆண்டு, ஆனாலும் யாருக்காக வைத்தார்கள் என்பதில் ஐயமில்லை. அரசே அறிவித்த பெயர் அது.

பெயர் மாறிய ஏரிகளுக்கு 'இருந்து', 'வரை' என்று இரண்டு ஆண்டுப் பத்திகள் வேண்டும். கென்யாவில் 1888இல் ஆஸ்திரிய இளவரசர் ருடால்ஃபின் பெயர் பெற்ற ஏரி 1975 முதல் டர்க்கானா. இப்போது அது ஒரு மக்கள் இனத்தின் பெயர், தனி ஆளின் பெயரல்ல. வட அமெரிக்காவின் ஈரி, ஹூரான் ஏரிகளும் மக்கள் இனங்களின் பெயரே. இவற்றைத் தனித் தாளில் வையுங்கள். (ஈரி ஏரியை ஏற்றும்போது எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் 'ஏரி ஏரி' ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) உகாண்டா, காங்கோ எல்லையில் இருக்கும் எட்வர்ட் ஏரி கொஞ்சம் சிக்கல். பின்னாளில் ஏழாம் எட்வர்ட் ஆன இளவரசர் ஆல்பர்ட் எட்வர்டுக்காக வைத்த பெயர். பழைய வரைபடங்களில் 'ஆல்பர்ட் எட்வர்ட்' என்றே இருக்கும். அதற்கு வடக்கே இருக்கும் ஆல்பர்ட் ஏரியோ அவருடைய தந்தையின் பெயர், 1864இல் சாமுவேல் பேக்கர் வைத்தது. 1973இல் எட்வர்ட் ஏரி உகாண்டா அதிபர் இடி அமீனுக்கும் ஆல்பர்ட் ஏரி காங்கோ அதிபர் மொபுட்டுவுக்கும் போய், இருவரின் காலமும் முடிந்ததும் பழைய பெயர்கள் திரும்பின. ஒரே ஏரிக்கு இரண்டு ஆட்கள், இரண்டு கால வரிசைகள். ஒரு வரியில் அடக்கப் பார்க்காமல் இரண்டு வரியாகப் போடுங்கள்.

ஒரே பெயரில் இரண்டு ஏரிகள் இருந்தால் ஊர்ப் பெயரை நம்பாமல் அகலாங்கு, நெட்டாங்கு எழுதுங்கள். இலங்கையில் திசா வாவி இரண்டு உண்டு: அனுராதபுரத்தில் இருப்பது, தேவநம்பிய தீசன் கட்டியதாகச் சொல்லப்படுவது, வட அகலாங்கு 8.3 பாகையை ஒட்டியது. தெற்கே திஸ்ஸமகாராமையில் இருப்பது 6.3ஐ ஒட்டியது. தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் போதும், 0.01 பாகை அகலாங்கு என்பது தரையில் ஏறக்குறைய 1.1 கிலோமீட்டர். சிறு குளமென்றால் மூன்று இலக்கம் போடுங்கள்.

இனி விக்கித்தரவு, அதாவது விக்கிப்பீடியாவோடு இணைந்த, யாரும் திருத்தக்கூடிய தரவுத்தளம். அங்கே ஒவ்வொரு வகைத் தகவலுக்கும் 'பண்பு' என்ற புலம் உண்டு, பண்புகளுக்கு 'பி' எண், பொருள்களுக்குக் 'கியூ' எண். ஏரியின் பக்கத்தில் பெயர்க்காரணத்துக்கான பண்பு பி138. அதில் உடனடிக் காரணத்தை மட்டும் இடுங்கள்: வோல்ட்டா ஏரிக்கு வோல்ட்டா ஆறு, கான்ஸ்டன்ஸ் ஏரிக்குக் கான்ஸ்டன்ஸ் நகரம். ஆற்றின் பெயருக்கு யார் காரணம் என்பது ஆற்றின் பக்கத்தில் வர வேண்டியது. ஒவ்வொரு கூற்றின் கீழும் சான்று சேர்க்க இடம் இருக்கிறது. சான்றில்லாமல் ஏற்றினால் உங்கள் உழைப்பும் மற்றவர்களின் ஊகமும் ஒன்றுபோலத்தான் தெரியும். தொடக்க, முடிவு ஆண்டுகளைத் தகுதிக்குறிப்புகளாகச் சேர்க்கலாம். ஒரே பெயருள்ள இரண்டு ஏரிகளை மக்கள் குழப்பிக்கொள்வார்கள் என்று தோன்றினால் 'வேறானது' என்ற பி1889 பண்பால் ஒன்றையொன்று சுட்டுங்கள். ஏரிக்கும் ஆளுக்கும் இடையே பெரும்பாலும் அது தேவைப்படாது.

ஏற்கெனவே அங்கே இருப்பவற்றைத் தொகுத்துப் பார்க்க வினவல் கருவியில் பி31 (எந்த வகையைச் சேர்ந்தது என்ற பண்பு) ஏரி (கியூ23397) என்றும், பி138இன் மதிப்பு மனிதர் (கியூ5) என்றும் கேளுங்கள். நீர்த்தேக்கங்களைக் கியூ131681 போட்டுத் தனியாகவும் கேட்க வேண்டும். வெறும் ஏரி என்று கேட்டால் மேட்டூர் போன்றவை விடுபட்டுப் போகலாம். வரும் பட்டியலைச் சான்றாக எடுத்துக்கொள்ளாமல், உங்கள் தாளில் ஒட்டி மேலே சொன்ன சோதனைகளுக்கு உட்படுத்துங்கள்.

அங்கே தவறான கூற்று கண்ணில் பட்டால், அதற்குச் சான்று இல்லையென்றால் நீக்கிவிட்டுச் சரியானதைச் சான்றோடு இடலாம். சான்றோடு இருக்கும் தவறை நீக்காதீர்கள். அதன் தரவரிசையை 'வழக்கொழிந்தது' என்ற கடைசிப் படிக்கு இறக்கி, காரணத்தைக் குறித்து, சரியான கூற்றைப் பக்கத்தில் சேருங்கள். நீக்கினால், அதே பழைய நூலைப் படிக்கும் வேறொருவர் நல்ல எண்ணத்தோடு அதை மறுபடி ஏற்றிவிடுவார்.